கிடப்பில் கிடந்தாலும் சாகாத வாரண்ட்

கட்டாமல் விட்ட அபராதமும் ஆஜராகாமல் விட்ட வழக்கும் நாலைந்து ஆண்டு கிடந்தால் தாமாகவே முடிந்துபோகும் என்ற நம்பிக்கை தென்காசி வட்டாரத்தில் வேரூன்றியிருக்கிறது. ‘அது பழைய கேஸு, இந்நேரம் செத்திருக்கும்லே’ என்பது டீக்கடைப் பேச்சோடு நிற்பதில்லை. படித்தவர்களும், காவல் நிலையப் படியேறிப் பழகிய உள்ளூர்ப் பெரியவர்களும் அதையே அறிவுரையாகச் சொல்கிறார்கள். அதற்குத் துணையாக இன்னொன்று உலவுகிறது: ‘இப்போ போய் நின்னா உள்ளே வச்சிருவாங்க, சும்மா இரு.’ முதல் கூற்று சட்டப்படி தவறு. இரண்டாவது, பெரும்பாலான சிறு வழக்குகளில் நடைமுறைப்படியும் தவறு. இரண்டும் சேரும்போது ஒரே காலையில் சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய விவகாரம் கைதாகவும், முடங்கிய பாஸ்போர்ட்டாகவும், கைநழுவிய அரசு வேலையாகவும் வளர்ந்து நிற்கிறது.

இங்கே பேசப்படுவது கொலை, கொள்ளை வழக்குகள் அல்ல. ஊரில் ‘பெட்டி கேஸ்’ எனப்படுபவை. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் முதல் கூட்டம் குறையும் செப்டம்பர் வரை இவை குவிகின்றன. குடித்துவிட்டு அருவிக்கரையில் தகராறு, தடை போட்ட நேரத்தில் அருவிக்குள் இறங்கியது, விடுதி அறையில் பணம் வைத்துச் சீட்டாடியது, பொது இடத்தில் புகைத்தது, போதையில் வண்டி ஓட்டியது என்று பல வகை. குளிக்க வந்தவர் மதுரைக்கோ விருதுநகருக்கோ கொல்லத்துக்கோ திரும்பிவிடுகிறார். அவர் பெயரில் ஒரு வழக்கு எண் இங்கேயே தங்கிவிடுகிறது. உள்ளூர்க்காரர் நிலையும் இதுதான். ஆலங்குளத்திலும் கடையநல்லூரிலும் புளியங்குடியிலும் வழக்கில் சிக்கிய இளைஞர் அடுத்த மாதமே திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போய்விடுகிறார். சம்மன் பழைய முகவரிக்கு வந்து, ‘ஆள் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பிவிடுகிறது.

காலம் போனால் வழக்கு போகும் என்று நினைப்பவர்கள் முற்றிலும் கற்பனையில் பேசவில்லை. அவர்கள் காதில் விழுந்த இரண்டு சட்ட விதிகள் உண்மையிலேயே உண்டு. தவறு, அவற்றை வேறொன்றுக்குப் பொருத்துவதில் இருக்கிறது.

ஒன்று, வழக்கு எடுப்பதற்கான கால வரம்பு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு, அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்துக்கு 6 மாதம், ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றத்துக்கு 1 ஆண்டு, மூன்றாண்டு வரை சிறைக்குரியதற்கு 3 ஆண்டு என்று வரம்பு வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 514ஆம் பிரிவு. இந்த வரம்பு நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுப்பதற்கு மட்டும் உரியது. காவல்துறை தூங்கிவிட்டு மூன்றாண்டு கழித்துச் சீட்டாட்ட வழக்கில் குற்றப்பத்திரிகை கொண்டுவந்தால், இந்தப் பிரிவைக் காட்டி எதிர்க்கலாம். எடுத்தாகிவிட்ட வழக்கில் எதிரி வராமல் இருக்கும் ஆண்டுகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த எதிர்ப்பும் முன்போல எளிதன்று. சென்னையிலிருந்து போன சாரா மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2013இல், புகார் தாக்கலான நாளைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும், நீதிமன்றம் கோப்பில் எடுத்த நாளை அல்ல என்று தீர்த்தது. புதிய சட்டத்தின் விளக்கக் குறிப்பு, காவல் நிலையத்தில் தகவல் பதிவான நாளையே கணக்குக்கு உரிய நாளாக எழுதிவிட்டது. ஆக, வெளியே நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இந்த விதி தருவது சொற்பம்.

இரண்டாவது, அந்தப் பிரபலமான ‘ஆறு வருஷக் கணக்கு’. இந்திய தண்டனைச் சட்டத்தின் 70ஆம் பிரிவும், அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 8ஆம் பிரிவும், விதித்த அபராதத்தைத் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் வசூலிக்கலாம் என்கின்றன. சிறைத் தண்டனை ஆறு ஆண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால் அது முடியும் வரை வசூலிக்கலாம். விதி இருப்பது உண்மை. ஆனால் அது யாருக்கு? விசாரணை முடிந்து, தீர்ப்பாகி, இவ்வளவு ரூபாய் என்று நீதிபதி சொல்லி, அதைக் கட்டாமல் போனவருக்கு. தீர்ப்பே ஆகாத வழக்கில் வாய்தாவுக்கு வராதவருக்கு ஆறு ஆண்டும் இல்லை, அறுபது ஆண்டும் இல்லை. அவர் மீது இருப்பது அபராத வசூல் அல்ல, ஆளைக் கொண்டுவரச் சொல்லும் ஆணை. அதே பிரிவின் அடுத்த வரியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை: குற்றவாளி இறந்தாலும், கடன்களுக்குப் பொறுப்பாகும் அவரது சொத்து அபராதப் பொறுப்பிலிருந்து விடுபடாது.

பிடியாணைக்கு ஆயுள் எவ்வளவு என்பதற்குச் சட்டம் நேரடியாகவே விடை சொல்கிறது. பழைய நடைமுறைச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, புதிய நடைமுறைச் சட்டத்தின் 72ஆம் பிரிவு: பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரை அல்லது நிறைவேற்றப்படும் வரை பிடியாணை நடப்பில் இருக்கும். மூன்றாவது வழி எதையும் அந்தப் பிரிவு வைக்கவில்லை. மாஜிஸ்திரேட் மாறினாலும், காவல் ஆய்வாளர் மாறினாலும், திருநெல்வேலியிலிருந்து 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தாலும், தண்டனைச் சட்டத்தின் பெயரே மாறினாலும் ஆணை அப்படியேதான் இருக்கிறது. பழைய சட்டத்தின் கீழ் தொடங்கி நிலுவையில் இருந்தவை பழைய சட்டப்படியே தொடரும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 531ஆம் பிரிவு சொல்லிவைத்திருக்கிறது.

‘கேஸைத் தூக்கிப் போட்டுட்டாங்களாம்’ என்று ஊரில் பேசப்படுவது எதை என்று பார்ப்பது பயனுள்ளது. ஓர் எதிரி தொடர்ந்து வராவிட்டால் முதலில் சம்மன், பிறகு பிணையில் விடத்தக்க வாரண்ட், பிறகு பிணையில் விடாத பிடிவாரண்ட் என்று வழக்கு நகரும். வாரண்டை வாங்கிச் சென்ற காவலர் ஆளைக் காணோம் என்று மீண்டும் மீண்டும் அறிக்கை கொடுத்தால், மாதாமாதம் அழைத்துப் பயனில்லை என்று வழக்கை நீண்டகால நிலுவைப் பதிவேட்டுக்கு மாற்றுவார்கள். நீதிமன்ற வட்டாரத்தில் அதற்கு ‘எல்.பி.சி.’ என்று பெயர். அன்றாடப் பட்டியலில் வழக்கு எண் வராததால், விசாரிக்கப் போன உறவினருக்குக் ‘கேஸ் லிஸ்ட்ல இல்லை’ என்ற பதில் கிடைக்கிறது. அதைக் கேட்டு வழக்கே முடிந்துவிட்டதாக நினைத்துக் குடும்பம் நிம்மதியடைகிறது. உண்மையில் அது ஆளுக்காகக் காத்திருக்கும் கோப்பு. பலர் சேர்ந்த வழக்காக இருந்தால் வராதவரின் பங்கைப் பிரித்துத் தனி எண் கொடுப்பார்கள். சீட்டாட்டத்தில் பிடிபட்ட ஐந்து பேரில் நால்வர் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட, சவூதிக்குப் போன ஐந்தாமவர் ‘எல்லாருக்கும் சேர்த்து முடிச்சாச்சு’ என்று நம்பிக்கொண்டிருப்பது இப்படித்தான். நால்வர் கட்டிய பணம் ஐந்தாமவர் பெயரில் ஒரு ரூபாயும் வரவாகாது.

லாரி ஓட்டுநர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744 வழியே புளியரையைத் தாண்டிக் கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகும் வண்டிகளில் அதிக பாரத்துக்கு வழக்குப் போடப்படுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் அபராதமே 20,000 ரூபாயில் தொடங்குகிறது. மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் கூடும். ‘முதலாளி பாத்துக்குவார்’ என்று சொல்லி ஓட்டுநர் அடுத்த வண்டிக்கு மாறிவிடுகிறார். முதலாளி பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வண்டியை மீட்பதோடு முடிகிறது. எதிரியாகப் பெயர் எழுதப்பட்டவர் ஓட்டுநர் என்றால் வாரண்ட் அவர் பெயரில்தான் வரும். சம்பளம் கொடுத்தவர் வாய்மொழியாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு நீதிமன்றத்தில் செல்லாது.

எல்லையைத் தாண்டினால் தொல்லை விட்டது என்ற எண்ணத்துக்கு இந்த மண்ணில் ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. தென்காசி பிரிட்டிஷ் ஆட்சியின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மதராஸ் மாகாண மாஜிஸ்திரேட்டின் வாரண்ட் அங்கே தானாகச் செல்லாது. ஆளை ஒப்படைக்கக் கோரும் தனி நடைமுறை வேண்டும். அன்று எல்லை தாண்டுவதில் பொருள் இருந்தது. 1951இல் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் விரிந்தபோதே அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையே சென்னை மாநிலத்தோடு இணைந்துவிட்டது. பிடியாணையை இந்தியாவின் எந்த இடத்திலும் நிறைவேற்றலாம் என்பது இன்றைய நடைமுறைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு. ஆரியங்காவும் புனலூரும் அதற்கு வெளியே இல்லை. முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே மறைந்த ஒரு வசதியை நம்பி இன்றும் பேரன்மார் கணவாய் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு மறுமொழியாக வருவது நடைமுறை வாதம்: ‘சட்டம் என்னவோ இருக்கட்டும், எட்டு வருஷமாக யாரும் தேடி வரவில்லையே?’ ஆள் பற்றாக்குறையுள்ள காவல் நிலையம் சீட்டாட்ட வாரண்டுக்காகத் திருப்பூருக்கு ஆள் அனுப்பாது என்பது உண்மைதான். ஆனால் வாரண்ட் அமைதியாகக் கிடப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்தல் காலம் காட்டிவிடுகிறது. ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கு முன்பும் நிலுவையிலுள்ள பிணையில் விடாத பிடிவாரண்டுகளை நிறைவேற்றி அறிக்கை தரும்படி தேர்தல் ஆணையம் மாநிலக் காவல்துறையை வற்புறுத்துகிறது. நிலையங்களில் பழைய பட்டியல் தூசி தட்டப்படுகிறது. திருவிழாவுக்கோ ஓட்டுப் போடவோ ஊருக்கு வந்தவர் விடியற்காலையில் எழுப்பப்படுவது அப்போதுதான். எட்டு ஆண்டு யாரும் வராததை ஒன்பதாம் ஆண்டுக்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்வது கணக்கன்று, ஆசை.

காவலர் தேடி வராமலே ஆளைப் பிடிக்கும் வழிகளும் பெருகிவிட்டன. இ-கோர்ட்ஸ் தளத்தில் தரப்பினர் பெயரை இட்டுத் தேடினால் மாவட்ட நீதிமன்ற வழக்கின் நிலையை யாரும் பார்க்கலாம். பெண் கொடுக்கப் போகும் வீட்டார் பார்ப்பதும் உண்டு. 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவு, நீதிமன்றம் சம்மனோ கைது வாரண்டோ பிறப்பித்திருந்தால் பாஸ்போர்ட் மறுக்க வழி செய்கிறது. 10ஆம் பிரிவு, ஏற்கெனவே கொடுத்ததை முடக்கி வைக்க இடம் தருகிறது. கடையநல்லூர் போன்ற ஊர்களில் வளைகுடா வருமானத்தில் வாழும் குடும்பங்கள் பல. அங்கே புதுப்பித்தல் விண்ணப்பம் காவல் விசாரணைக்கு வரும் நாளில், பத்தாண்டுப் பழைய பெட்டி கேஸ் ஒரு குடும்பத்தின் சோற்றுப் பிரச்சினையாகிவிடுகிறது. நிலுவைச் சலான் உள்ள வண்டிக்குப் பெயர் மாற்றம் முதலிய விண்ணப்பங்கள் நிற்கின்றன. காவலர் தேர்வுக்கும் அரசுப் பணித் தேர்வுக்கும் படிக்கும் இளைஞர்கள் இதை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறு குற்றமானால் அதை மறைத்ததையும் வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம் என்று இடம் விட்டது. ஆனால் வழக்கு இருப்பது தெரிந்தே மறைப்பது வேலையைப் பறிக்கப் போதுமான காரணம் என்பதையும் நிலைநிறுத்தியது. ‘செத்துப்போன கேஸ்’ என்று நம்பி, வழக்கு ஏதும் இல்லை என்று படிவத்தில் எழுதியவர் சிறு குற்றத்தை மறைப்புக் குற்றமாக மாற்றிக்கொள்கிறார்.

இந்த நம்பிக்கையை அண்மையில் வலுவாக ஊட்டியது ஓர் அரசியல் அறிவிப்பு. அதுவும் இந்த மாவட்டத்தின் கடையநல்லூரிலேயே வெளியானது. 2021 பிப்ரவரி 19 அன்று தேர்தல் பிரசாரத்துக்கு வந்த அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, கொரோனா ஊரடங்கை மீறியதாகப் போடப்பட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளும், குடியுரிமைத் திருத்தச் சட்டப் போராட்ட வழக்குகளில் பெரும்பாலானவையும் திரும்பப் பெறப்படும் என்றார். வன்முறை, இ-பாஸ் மோசடி போன்ற வழக்குகளுக்கு விலக்கு இல்லை என்றும் அப்போதே சொன்னார். அந்த முடிவு நல்ல முடிவு; பால் வாங்கப் போனவர்களெல்லாம் குற்றவாளிப் பட்டியலில் இருப்பது நியாயமன்று. ஆனால் மக்கள் மனத்தில் பதிந்தது வேறு: சின்ன கேஸ் எல்லாம் ரத்து. ஒரு மேடை அறிவிப்பால் எந்த வழக்கும் முடிவதில்லை. விசாரணை நிலையில் உள்ளதைக் காவல்துறை மேல்நடவடிக்கை கைவிட்டதாக முடித்து அறிக்கை தர வேண்டும். நீதிமன்றத்தில் உள்ளதை, பழைய நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவுப்படி அரசு வழக்கறிஞர் மனுச் செய்து, நீதிமன்றம் இசைந்தால்தான் திரும்பப் பெற முடியும். ஒருவரின் வழக்கு அப்படி முடிந்ததா என்பது அந்த வழக்கு எண்ணின் கீழ் உள்ள உத்தரவில்தான் தெரியும். ஊரடங்கு வழக்கு முடிந்ததை வைத்து, அதற்கு முந்தைய ஆண்டின் குடிபோதை வழக்கும் முடிந்ததாக எண்ணுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இனி இரண்டாவது கூற்று. போய் நின்றால் சிறை என்ற பயம்தான் முதல் நம்பிக்கையை உயிரோடு வைத்திருக்கிறது. ஆகவே அதை விரிவாக மறுக்க வேண்டும். நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிப்பது ஆளை வரவழைக்க. தண்டனையை முன்கூட்டியே கொடுக்க அல்ல. 2007இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம், முதலில் சம்மன், பிறகு பிணையில் விடத்தக்க வாரண்ட், வேறு வழியில்லாதபோதுதான் பிணையில் விடாத வாரண்ட் என்று நெறி வகுத்தது. சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் 2021இலும் 2022இலும் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றங்களில், விசாரணையின்போது கைதாகாமல் ஒத்துழைத்தவர்கள், பிடிவாரண்ட் நிறைவேறுமுன் வழக்கறிஞர் வழியே மனுப்போட்டு அடுத்த வாய்தாவுக்கு நேரில் வருவதாக உறுதியளித்தால், நேரில் நிற்கும்படி வற்புறுத்தாமலே வாரண்டை ரத்து செய்யலாம் அல்லது சம்மனாக மாற்றலாம். தாமாக முன்வருபவருக்கும் இழுத்து வரப்படுபவருக்கும் சட்டம் வேறுவேறு வாசல் வைத்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

நடைமுறை சிக்கலானதன்று. வழக்கு எண்ணைக் கண்டுபிடித்து, ‘ரீகால் மனு’ என்று வழங்கும் வாரண்ட் ரத்து மனுவை, வராததற்கான உண்மையான காரணத்தோடு அதே நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறார்கள். வெளிநாட்டில் இருந்தவர் பாஸ்போர்ட் முத்திரைகளையும், நோயாளி மருத்துவச் சீட்டையும் சேர்க்கிறார்கள். சிறு வழக்குகளில் மனு பெரும்பாலும் அன்றே விசாரிக்கப்படுகிறது. சில வேளை சிறிய தொகையைச் செலவாகக் கட்டச் சொல்வதும், புதிதாக ஜாமீன்தாரர் கேட்பதும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ள விரும்புபவர் அன்றே அபராதம் கட்டி ரசீதோடு வெளியே வரவும் முடியும். ஆனால் அப்படி ஒப்புக்கொள்வது குற்றத்தீர்ப்பு. காவலரிடமோ சலானிலோ இணக்கத் தொகை கட்டி முடிப்பது போன்றதன்று. அரசு வேலைக்கு முயல்பவர் இதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டே தலையசைக்க வேண்டும். போதையில் வண்டி ஓட்டியதற்கான மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வழக்கைச் சாலையில் முடிக்கவே முடியாது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு, நீதிமன்றம் போயே ஆக வேண்டும்.

போகாமல் இருந்தால் என்ன கூடுகிறது? ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவர் ஆஜராகாவிட்டால் அதுவே ஓராண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 269ஆம் பிரிவு. தேடப்படும் நபராக அறிவிக்கப்பட்ட பிறகும் வராவிட்டால் 209ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை போகலாம். இருநூறு ரூபாய் அபராதத்தோடு போக வேண்டிய குற்றத்தின் மேல் மூன்றாண்டுக் குற்றம் வந்து உட்காருகிறது. பிணைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட மாமனாரோ சித்தப்பாவோ ஜாமீன் தொகைக்குப் பொறுப்பாகிறார். கட்ட முடியாமல் போனால் அவருக்கே ஆறு மாதம் வரை உரிமையியல் சிறை என்று சட்டம் சொல்கிறது. நம்பிக் கையெழுத்துப் போட்ட மனிதரை மாட்டிவைத்துவிட்டு ஊரைவிட்டுப் போவதைச் சாமர்த்தியமாகப் பேசும் பழக்கம் வெட்கப்பட வேண்டியது.

பணம் இல்லை என்பது நேர்மையான காரணம். அதற்கும் தலைமறைவு வழியன்று. அபராதம் மட்டுமே தண்டனையாக விதிக்கப்பட்டு உடனே கட்ட முடியாதவருக்கு 30 நாள் தவணையோ, இரண்டு மூன்று தவணைகளோ கொடுக்க புதிய நடைமுறைச் சட்டத்தின் 464ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும், வராதவர் எப்படிக் கேட்பார்? சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமலே இலவச வழக்கறிஞரை உறுதி செய்கிறது. குறைந்த வருமானத்தினரும் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். அபராதம் கட்ட முடியாமல் சிறையிலேயே கிடக்கும் ஏழைகளுக்காக ஒன்றிய உள்துறை 2023இல் கொண்டுவந்த திட்டத்தில் 25,000 ரூபாய் வரை கிடைக்க வழியுண்டு.

‘உள்ளே போயிட்டு வந்தா ஃபைன் கழிஞ்சிரும்’ என்று சிறையையே தீர்வாகச் சொல்பவர்களும் உண்டு. அபராதம் கட்டத் தவறியதற்கான சிறைவாசம் தண்டனை அல்ல, கட்டாமைக்கான விளைவு என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சாந்திலால் வழக்கில் விளக்கியது. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றத்தில் 5,000 ரூபாய் வரையான அபராதத்துக்கு இரண்டு மாதம், 10,000 வரை நான்கு மாதம், அதற்கு மேல் ஓராண்டு என்பது புதிய தண்டனைச் சட்டத்தின் உச்ச வரம்பு. முழுக் காலத்தையும் சிறையில் கழித்தவரிடம் சிறப்புக் காரணம் எழுதாமல் வசூல் வாரண்ட் அனுப்பக் கூடாது என்ற பாதுகாப்பு இருப்பது உண்மை. ஆனால் சிறப்புக் காரணம் எழுதி அனுப்பலாம் என்ற வாசலும் அதே வரியில் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, பலருக்குத் தெரியாத இன்னொரு விதி: பாதியில் பணம் கட்டினால் அந்த அளவுக்குச் சிறைக்காலம் குறையும், முழுதும் கட்டினால் அந்த நிமிடமே விடுதலை. பாளையங்கோட்டையில் உறவினரைப் பார்க்கப் போய்வரச் செலவழிக்கும் பணத்தைச் சேர்த்தாலே சில அபராதங்கள் கட்டி முடிந்துவிடும். தினக்கூலியை நம்பும் பீடித் தொழிலாளி வீட்டில் இரண்டு மாதம் ஒரு சம்பாத்தியம் நிற்பதை ‘கழிவு’ என்று சொல்வது கொடுமையான கணக்கு.

பழி முழுவதையும் வராதவர் தலையில் போடுவதும் நேர்மையாகாது. சம்மனைக் கொண்டுபோகாமலே ‘ஆள் இல்லை’ என்று எழுதுவதும், ரத்தான வாரண்டை நிலையத்தில் வெட்டாமல் வைத்திருப்பதும் நடக்கின்றன. மும்பையில் ஒருவர் மீதான பிடிவாரண்ட் ரத்தாகிச் சில நாள் கழித்து, 2002 ஆகஸ்ட் 15 அன்று, அதே வாரண்டைக் காட்டி அவரைப் போலீசார் கைது செய்தார்கள். அந்த வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது: ஒவ்வொரு வாரண்டும் எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற வேண்டும், திருப்பி அனுப்ப வேண்டிய நாள் அதில் இருக்க வேண்டும், ரத்தானால் நிலையத்துக்கு ரத்துக் குறிப்பு போக வேண்டும். இவை எல்லா நிலையங்களிலும் ஒழுங்காக நடந்தால் மக்களின் பயம் பாதி குறையும். சிறு குற்றங்களில் நேரில் வராமலே தபாலில் ஒப்புக்கொண்டு 5,000 ரூபாய் வரையான அபராதத்தை அனுப்ப புதிய நடைமுறைச் சட்டத்தின் 229ஆம் பிரிவில் வழி இருக்கிறது. வாகன வழக்குகள் இந்தப் பிரிவில் சேரா. அவற்றுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 208ஆம் பிரிவில் இதே போன்ற ஏற்பாடு உண்டு. சாரல் காலத்தில் நூறு மைல் தள்ளியிருந்து வந்தவர்கள் மீது போடும் வழக்குகளில் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தாமல் எல்லோரையும் தென்காசிக்கு வரச் சொல்வது, வாரண்டுகளை நாமே விதைப்பதாகும். ஆனால் அமைப்பின் குறைகளைச் சரிசெய்யச் சொல்லி வாதாடுவதற்கும் நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும்.

வாரண்ட் ரத்தானதும் வேலை முடிவதில்லை. ரத்து உத்தரவின் சான்றிட்ட நகலைப் பெற்று, வாரண்ட் போன காவல் நிலையத்தில் கொடுத்து, பதிவேட்டில் அது நீக்கப்பட்டதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊர் மாறியவர் இரண்டு நிலையங்களிலும் பார்க்க வேண்டும். அபராத ரசீதும் தீர்ப்பு நகலும் பாஸ்போர்ட் விசாரணைக்கும் பணி நியமனத்துக்கும் பல ஆண்டு கழித்தும் கேட்கப்படுபவை. அபராதம் புதிய நடைமுறைச் சட்டத்தின் 461ஆம் பிரிவின்படி ஆட்சியருக்கு அனுப்பப்பட்டு நில வருவாய் நிலுவை போல வசூலாகும் நிலைக்குப் போயிருந்தால், நீதிமன்றத்தில் பணம் கட்டிய ரசீதின் நகல் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் கட்டி முடித்த தொகைக்கே பட்டா நிலத்தின் மேல் ஜப்தி அறிவிப்பு வரக்கூடும்.